பிள்ளை ஆராய்ச்சிக்குப் போக வேண்டும் என்கிறதா? மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் சேர ஒரு வழிகாட்டி

ஒதியம்பட்டு, சுல்தான்பேட்டை, வில்லியனூர், பாகூர் என நம் பகுதியில் பல வீடுகளில் இன்று அறிவியல் பட்டம் பெற்ற பிள்ளைகள் இருக்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் எடுத்து, நீட் தேர்வில் இடம் கிடைக்காமல், நுண்ணுயிரியல், உயிர்வேதியியல், உயிரித் தொழில்நுட்பம் என ஏதாவது ஒரு பி.எஸ்ஸி.யில் சேர்ந்தவர்கள் பலர். அவர்களில் சிலர் நன்றாகப் படித்து எம்.எஸ்ஸி.யும் முடிக்கிறார்கள். படிப்பு அதோடு நின்றுவிடுகிறது. ஆண் பிள்ளை என்றால் வளைகுடாவில் கிடைத்த வேலை. பெண் பிள்ளை என்றால் திருமணம், அல்லது பக்கத்துத் தனியார் பள்ளியில் டீச்சர் வேலை.

இவற்றில் எதையும் நாம் குறைத்துச் சொல்லவில்லை. வளைகுடாச் சம்பளத்தில்தான் நம் பல குடும்பங்கள் நிமிர்ந்தன. ஆனால், ஆராய்ச்சி என்றொரு வாசல் இருப்பதைத் தெரிந்துகொண்டு வேண்டாம் என்பது வேறு. அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் அதைக் கடந்து போவது வேறு. நம்மிடம் நடப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான். "பி.எச்டி.ன்னா இன்னும் அஞ்சு வருஷம் ஃபீஸ் கட்டணுமா?" என்று கேட்கும் அத்தாமார்கள் இன்னும் இருக்கிறார்கள். மத்திய அரசின் உதவித்தொகை பெறும் ஆராய்ச்சி மாணவருக்கு மாதம் 37,000 ரூபாய் வருகிறது என்ற செய்தி அவர்களை எட்டவே இல்லை.

எனவே பல்கலைக்கழக மூலக்கூறு உயிரியல் ஆய்வகம் என்றால் என்ன, அங்கே எப்படிச் சேர்வது, பணம் எங்கிருந்து வருகிறது, எதில் கவனமாக இருக்க வேண்டும் என்பதைப் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்தே இங்கே விளக்குகிறோம்.

அங்கே என்ன வேலை நடக்கிறது?

நம் உடலின் ஏறக்குறைய ஒவ்வொரு செல்லிலும் டிஎன்ஏ இருக்கிறது. அதிலுள்ள செய்தி ஆர்என்ஏவாகப் படியெடுக்கப்படுகிறது; அதைக் கொண்டு புரதம் உருவாகிறது. இந்த வேலை எங்கே சரியாக நடக்கிறது, எங்கே தடுமாறுகிறது, தடுமாறினால் என்ன நோய் வருகிறது என்று மூலக்கூறு அளவில் தேடுவதுதான் மூலக்கூறு உயிரியல். கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்த மாதிரியை ஆர்டி-பிசிஆர் சோதனைக்கு அனுப்பினார்களே, அது இந்தத் துறையின் கருவிதான். வைரஸின் ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றி, அதை லட்சக்கணக்கான பிரதிகளாகப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் முறை அது. புற்றுநோய், சர்க்கரை நோய், காசநோய்க் கிருமியின் மருந்து எதிர்ப்பு, நெற்பயிரின் வறட்சி தாங்கும் தன்மை என எல்லாவற்றிலும் இதே கருவிகள் பயன்படுகின்றன.

ஓர் ஆய்வகம் என்பது ஒரு பேராசிரியரைச் சுற்றி அமைந்த சிறு குடும்பம் போன்றது. மேலே வழிகாட்டிப் பேராசிரியர். பிள்ளைகள் 'கைடு' என்பார்கள். அவருக்குக் கீழே முனைவர் பட்டம் முடித்துவிட்டு மேலும் ஆய்வு செய்பவர். இவரை 'போஸ்ட்டாக்' என்பார்கள். அடுத்து பி.எச்டி. மாணவர்கள், ஆய்வுத் திட்டத்தில் சம்பளத்துக்கு வேலை செய்யும் உதவியாளர்கள், கடைசியாகச் சில மாதங்களுக்கு ப்ராஜெக்ட் செய்ய வரும் எம்.எஸ்ஸி. மாணவர்கள். புதிதாக வருபவருக்குப் பைப்பெட் பிடிக்கக் கற்றுத் தருவது பெரும்பாலும் பேராசிரியர் அல்ல, மூத்த மாணவர்தான்.

வேலை பொறுமையைக் கேட்கும். காலையில் பாக்டீரியாவை வளர்க்க வைத்தால் அது வளர்ந்துவிட்டதா என்று மாலையில் பார்க்க வேண்டும். ஜெல் ஓட்ட வேண்டும், ஆட்டோகிளேவில் பாத்திரங்களைக் கிருமி நீக்க வேண்டும், செய்த ஒவ்வொன்றையும் தேதி போட்டு நோட்டில் எழுத வேண்டும். மூன்று மாதம் செய்த சோதனை வேலை செய்யாமல் போகும். அதை நான்காம் மாதம் சிறு மாற்றத்துடன் மறுபடி செய்ய வேண்டும். நல்ல மார்க் எடுக்கும் பிள்ளையைவிட, தோற்ற சோதனையை மறுநாளே பொறுமையாகத் தொடங்கும் பிள்ளைதான் இங்கே நிலைக்கும்.

நமக்கு அருகில் எங்கே இருக்கிறது?

நம் பிள்ளைகள் ஒரு விதத்தில் கொடுத்துவைத்தவர்கள். காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகம் 1985-ல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் தொடங்கப்பட்ட மத்தியப் பல்கலைக்கழகம். அங்கே உயிர்வேதியியல் மற்றும் மூலக்கூறு உயிரியல் என்ற பெயரிலேயே ஒரு துறை இருக்கிறது. உயிரித் தொழில்நுட்பம், நுண்ணுயிரியல், உயிர்த்தகவலியல் துறைகளும் உண்டு. வேறு மாநிலங்களிலிருந்து ரயிலேறி வந்து பிள்ளைகள் படிக்கும் இடம். ஒதியம்பட்டிலிருந்து பாண்டிச்சேரி பஸ் நிலையம் போய், அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் இன்னொரு பஸ் பிடித்தால் போய்ச் சேரலாம்.

புதுச்சேரி இந்திரா நகரில் நோய்பரப்பி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1975-ல் தொடங்கிய நிறுவனம் இது. கொசுவும் யானைக்கால் நோயும் நம் ஊருக்குப் புதிதல்ல. அவற்றைப் பற்றி இந்தியா முழுவதற்கும் பயன்படும் ஆய்வுகள் இங்கிருந்து வெளிவந்தன. கொசுப் புழுவைக் கொல்லும் பாக்டீரியா வகை ஒன்றை இந்த மையம் உருவாக்கித் தந்திருக்கிறது. பக்கத்திலேயே ஜிப்மர் இருக்கிறது. அது மருத்துவர்களுக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அங்கும் ஆய்வகங்கள் உண்டு; ஆய்வுத் திட்டங்களுக்கு எம்.எஸ்ஸி. முடித்தவர்களை எடுக்கிறார்கள்.

சற்றுத் தள்ளிப் போக முடிந்தால் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், சென்னையில் சென்னைப் பல்கலைக்கழகம், அண்ணா பல்கலைக்கழகம், ஐஐடி, மதுரையில் காமராசர் பல்கலைக்கழகம். வெளிமாநிலம் என்றால் பெங்களூரில் இந்திய அறிவியல் கழகமும் தேசிய உயிரியல் ஆய்வு மையமும், ஹைதராபாத்தில் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும்.

இவற்றில் பெங்களூரின் தேசிய உயிரியல் ஆய்வு மையத்தை உருவாக்கியவர் யார் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். அவர் பெயர் உபைத் சித்தீக்கி. 1932-ல் உத்தரப் பிரதேசத்தின் பஸ்தியில் பிறந்து, அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் படித்தவர். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் முனைவர் பட்டம் பெற்று, அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் போஸ்ட்டாக் ஆய்வு செய்தார். 1962-ல் ஹோமி பாபாவின் அழைப்பில் பம்பாய் டாடா ஆய்வு நிறுவனத்துக்கு வந்து மூலக்கூறு உயிரியல் பிரிவைத் தொடங்கினார். இந்தியாவில் இந்தத் துறை காலூன்றியதில் அவருடைய பங்கு பெரியது. 2006-ல் பத்ம விபூஷண் விருது பெற்றார். 2013-ல் காலமானார்.

முதல் படி: படிக்கும்போதே

ஆய்வகத்தில் சேர பட்டம் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பி.எஸ்ஸி. படிக்கும்போதே கோடை விடுமுறையில் ஓர் ஆய்வகத்தில் இரண்டு மாதம் பயிற்சி பெறலாம். பெங்களூர், டெல்லி, பிரயாக்ராஜில் உள்ள மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து ஆண்டுதோறும் கோடைக்கால ஆராய்ச்சி உதவித்திட்டம் நடத்துகின்றன. தேர்வாகும் மாணவருக்கு உதவித்தொகையும் உண்டு. கோடைக்கான விண்ணப்பம் அதற்கு முந்தைய ஆண்டின் இறுதியிலேயே முடிந்துவிடும். ஏப்ரலில் தேடினால் கிடைக்காது. செப்டம்பரிலேயே பார்க்கத் தொடங்க வேண்டும்.

எம்.எஸ்ஸி.யின் கடைசிப் பருவத்தில் ப்ராஜெக்ட் வரும். இதை நம் பிள்ளைகள் பலர் சடங்காக முடித்துவிடுகிறார்கள். காசு வாங்கிக்கொண்டு ப்ராஜெக்ட் செய்துதரும் தனியார் இடங்களும் இருக்கின்றன. அதில் கிடைப்பது பைண்டிங் செய்த ஒரு புத்தகம் மட்டும். பி.எச்டி. நேர்காணலில் முதலில் கேட்பது "உன் ப்ராஜெக்டில் நீ என்ன செய்தாய்?" என்றுதான். சொந்தக் கையால் செய்திராத பிள்ளை இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்ளும். வாய்ப்பிருந்தால் இந்த ஆறு மாதத்தை ஒரு நல்ல ஆய்வகத்தில் செலவிடுங்கள். அதற்காக வாடகைக்கு அறை எடுத்துத் தங்க வேண்டி வந்தாலும் அந்தச் செலவு வீண்போகாது.

இரண்டாவது படி: பி.எச்டி. சேர்க்கை

புதுவைப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி. சேர க்யூட் முதுநிலை நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். பி.எச்டி.க்கு வழி வேறு. உயிரியல் பிள்ளைகளுக்கு முக்கியமான தேர்வு சிஎஸ்ஐஆர்-நெட். அதில் உயிர் அறிவியல் தாளை எழுத வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கும். உயர்ந்த மதிப்பெண் பெறுவோருக்கு ஜேஆர்எஃப் எனும் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை கிடைக்கும். 2024 முதல் நெட் தேர்வில் மூன்று பிரிவுகள் வந்துவிட்டன: ஜேஆர்எஃப் பெறுவோர், உதவிப் பேராசிரியர் தகுதியும் பி.எச்டி. சேர்க்கைத் தகுதியும் பெறுவோர், பி.எச்டி. சேர்க்கைத் தகுதி மட்டும் பெறுவோர். பின்னிரண்டு பிரிவினருக்கும் சேர்க்கையில் நெட் மதிப்பெண்ணுக்கு 70 சதவீதமும் நேர்காணலுக்கு 30 சதவீதமும் கணக்கிடப்படும்.

இது தவிர கேட் தேர்வு இருக்கிறது. அதில் உயிரித் தொழில்நுட்பத் தாளோ உயிர் அறிவியல் தாளோ எழுதலாம். இளநிலை மூன்றாம் ஆண்டிலேயே கேட் எழுதலாம் என்பது பலருக்குத் தெரியாது. உயிரித் தொழில்நுட்பத் துறையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தனித்தனியே ஜேஆர்எஃப் வழங்குகின்றன. ஒரே படிப்பை வைத்து இத்தனை தேர்வுகள் எழுதலாம் என்பதால், ஒன்றில் தவறினால் எல்லாம் போயிற்று என்று நினைக்க வேண்டாம்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகளின்படி பி.எச்டி.க்குக் குறைந்தது மூன்று ஆண்டு. அதிகபட்சம் ஆறு ஆண்டு. முதுநிலையில் 55 சதவீத மதிப்பெண் வேண்டும். பிற்படுத்தப்பட்டோர் உள்ளிட்ட பிரிவினருக்கு 5 சதவீதம் தளர்வு. நான்காண்டு இளநிலைப் பட்டம் முடித்தவர்கள் 75 சதவீதம் இருந்தால் எம்.எஸ்ஸி. இல்லாமலே சேரலாம்.

சான்றிதழில் கவனம் தேவை. மாநில அரசு தரும் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ் மத்திய நிறுவனங்களில் செல்லாது. மத்திய அரசின் படிவத்தில், வருமான வரம்புக்கு உட்பட்டவர் என்று குறிப்பிட்ட ஓபிசி சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். உங்கள் பிரிவு உங்கள் மாநிலத்துக்கான மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்பதைத் தாலுக்கா அலுவலகத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். விண்ணப்பத்தின் கடைசி நாளில் இதற்கு அலைந்தால் கிடைக்காது. அதேபோல, புதுவைப் பல்கலைக்கழகம் சில பாடப்பிரிவுகளில் புதுச்சேரி மாணவர்களுக்கு இடம் ஒதுக்குகிறது. குடியிருப்புச் சான்றிதழையும் முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

பேராசிரியருக்குக் கடிதம் எழுதுவது எப்படி?

கோடைப் பயிற்சியானாலும் ப்ராஜெக்ட் ஆனாலும் போஸ்ட்டாக் ஆனாலும், கதவைத் திறப்பது பெரும்பாலும் ஒரு மின்னஞ்சல்தான். நம் பிள்ளைகள் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். ஒரே கடிதத்தை நூறு பேராசிரியர்களுக்கு அனுப்புகிறார்கள். "மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் புகழ்பெற்ற ஆய்வகத்தில் ஒரு வாய்ப்பு அளிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்" என்று எழுதினால், படிப்பவருக்கு அது தனக்காக எழுதப்படவில்லை என்பது உடனே தெரிந்துவிடும்.

ஐந்து பேருக்கு எழுதினாலும் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். முதலில் அந்தப் பேராசிரியர் அண்மையில் வெளியிட்ட இரண்டு ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்க வேண்டும். எல்லாம் புரியாவிட்டாலும், கேள்வி என்ன, எப்படித் தேடினார்கள், என்ன கிடைத்தது என்ற மூன்றும் புரிந்தால் போதும். பிறகு கடிதத்தில் நான்கு செய்திகள்: நான் யார், எங்கே என்ன படிக்கிறேன், உங்கள் ஆய்வில் எந்தப் பகுதி என்னை ஈர்த்தது, ஏன், எனக்கு எந்தெந்தச் சோதனைகளைச் சொந்தமாகச் செய்யத் தெரியும், எந்தத் தேதியிலிருந்து எத்தனை மாதம் வர முடியும், உதவித்தொகை கையில் இருக்கிறதா. ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். மதிப்பெண் விவரத்தோடு தன்விவரக் குறிப்பை இணைக்க வேண்டும். செய்யாத சோதனையைச் செய்ததாக எழுதவே கூடாது. ஆய்வகத்தில் முதல் வாரத்திலேயே அது வெளிப்பட்டுவிடும். போன நம்பிக்கை திரும்பாது.

பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒரு சிறிய நினைவூட்டல். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்தவருக்கு எழுதுங்கள். பதில் வராததை அவமானமாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

துருக்கியின் சாவூர் என்ற சிற்றூரில் 1946-ல் பிறந்த அஜீஸ் சன்ஜாரின் வாழ்க்கை இதற்குச் சான்று. படிப்பறிவு இல்லாத பெற்றோர், எட்டுப் பிள்ளைகள் உள்ள வீடு. மருத்துவம் படித்து, சொந்த ஊர்ப் பக்கமே சிறிது காலம் டாக்டராக இருந்து, பிறகு அமெரிக்கா சென்று 1977-ல் மூலக்கூறு உயிரியலில் முனைவர் பட்டம் பெற்றார். போஸ்ட்டாக் இடத்துக்கு அவர் விண்ணப்பித்த மூன்று ஆய்வகங்களும் மறுத்துவிட்டன. டாக்டர் பட்டம் இரண்டு இருந்தும், யேல் பல்கலைக்கழகத்தில் ஆய்வகத் தொழில்நுட்ப உதவியாளராக வேலைக்குச் சேர்ந்தார். சேதமடைந்த டிஎன்ஏவைச் செல் எப்படிப் பழுது பார்க்கிறது என்ற ஆய்வை அங்கேயே தொடர்ந்தார். அந்த ஆய்வுக்காக 2015-ல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பதவியின் பெயரைவிட எந்த ஆய்வகத்தில் எந்தக் கேள்வியோடு இருக்கிறோம் என்பதே முக்கியம் என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

சேரும் முன் நாம் கேட்க வேண்டியவை

பெண் பார்க்கும்போதும் மாப்பிள்ளை பார்க்கும்போதும் எவ்வளவு விசாரிக்கிறோம்! ஐந்தாறு ஆண்டு ஒருவரிடம் பிள்ளையை அனுப்பும்போது மட்டும் விசாரிப்பதில்லை. பி.எச்டி. வெற்றியாக முடிவதும் பாதியில் நிற்பதும் பெரும்பாலும் வழிகாட்டியைப் பொறுத்தது. அவருடைய புகழை மட்டும் பார்க்காதீர்கள். இதுவரை அவரிடம் எத்தனை பேர் பட்டம் முடித்தார்கள், சராசரியாக எத்தனை ஆண்டு எடுத்தார்கள், முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், யாராவது பாதியில் விட்டுப் போனார்களா, ஆய்வுத் திட்டப் பணம் இன்னும் எத்தனை ஆண்டுக்கு இருக்கிறது என்றெல்லாம் விசாரிக்க வேண்டும்.

இவற்றைப் பேராசிரியரிடம் நேரடியாகக் கேட்பதைவிட, அங்கே இப்போது படிக்கும் மாணவர்களிடம் தனியாகக் கேட்பது நல்லது. "கைடு வாரத்துக்கு ஒரு முறையாவது உட்கார்ந்து பேசுவாரா? ஆய்வுக் கட்டுரையில் உழைத்தவர் பெயர் உரிய இடத்தில் வருமா? உடம்பு சரியில்லை என்றால் லீவு கிடைக்குமா?" என்று கேட்டால் உண்மை வெளிவரும். பதில் சொல்பவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றினால் அதுவும் ஒரு பதில்தான்.

ஒரு பேராசிரியரிடம் எட்டு, இணைப் பேராசிரியரிடம் ஆறு, உதவிப் பேராசிரியரிடம் நான்கு பி.எச்டி. மாணவர்கள் வரைதான் இருக்கலாம் என்பது விதி. நல்ல வழிகாட்டியிடம் இடம் காலியாக ஓராண்டு காத்திருக்க நேர்ந்தால், அந்த ஆண்டில் அங்கேயோ அருகிலோ ஆய்வுத் திட்ட உதவியாளராகச் சம்பளத்துக்கு வேலை செய்யலாம். பிள்ளைக்கும் ஆய்வு தனக்கு ஒத்துவருமா என்று தெரியும்; பேராசிரியருக்கும் பிள்ளையைத் தெரியும்.

பணம் எங்கிருந்து வரும்?

2023 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த கணக்கின்படி, ஜேஆர்எஃப் மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டுக்குப் பின் ஆய்வை மதிப்பிட்டு எஸ்ஆர்எஃப் ஆக உயர்த்துவார்கள். அப்போது 42,000 ரூபாய். விடுதி கிடைக்காதவர்களுக்கு வீட்டு வாடகைப் படி தனி. முனைவர் பட்டம் பெற்று ஆராய்ச்சி இணையராகச் சேர்ந்தால் 58,000 முதல் 67,000 ரூபாய் வரை. ஆனால் நெட் உதவித்தொகை இல்லாமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேரும் மாணவருக்குக் கிடைப்பது மாதம் 8,000 ரூபாய்தான். 37,000-க்கும் 8,000-க்கும் உள்ள வித்தியாசம்தான், நெட் தேர்வுக்கு ஒரு வருடம் கூடுதலாகப் படிக்கலாமா என்ற கேள்விக்கான பதில். படிக்கலாம்.

நம் சமுதாயத்துக்கு ஓர் இழப்பும் நேர்ந்திருக்கிறது. சிறுபான்மை மாணவர்களின் பி.எச்டி. ஆய்வுக்காக 2009 முதல் வழங்கப்பட்டு வந்த மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகையை 2022-23 முதல் மத்திய அரசு நிறுத்திவிட்டது. மற்ற உதவித்தொகைகளோடு அது ஒன்றின்மேல் ஒன்றாக வருகிறது என்பது அரசு சொன்ன காரணம். வெளிநாட்டுப் படிப்புக்கான கல்விக்கடனில் சிறுபான்மையினருக்கு இருந்த வட்டி மானியமும் நின்றுவிட்டது. இன்னும் அந்தத் திட்டத்தை நம்பிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கு இதைச் சொல்லிவிடுங்கள். இனி வழி பொதுப் போட்டித் தேர்வுகள்தான். ஊரில் ஜமாஅத்துகள் நீட் பயிற்சிக்கும் டிஎன்பிஎஸ்சி பயிற்சிக்கும் உதவுவதுபோல், நெட் தேர்வுக்குப் படிக்கும் நான்கைந்து பேருக்கு ஓராண்டு புத்தகமும் பஸ் செலவும் கொடுத்தால் அது பெரிய முதலீடாக இருக்கும்.

உதவித்தொகை மாதாமாதம் ஒன்றாம் தேதி வங்கியில் ஏறிவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். சில மாதங்கள் தாமதமாகிச் சேர்த்து வருவது வழக்கம். முதல் ஆறு மாதத்துக்கு வீட்டிலிருந்து கைச்செலவுக்கு ஏற்பாடு இருக்க வேண்டும். அந்தத் தொகையை நம்பி வீட்டில் கடன் தவணை எதையும் கட்டத் தொடங்காதீர்கள்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில்

"ராத்திரி ஆய்வகத்தில் இருக்கணுமாமே?" என்பது அம்மாமார்களின் முதல் கேள்வி. சில சோதனைகளுக்கு நேரம் நீளும் என்பது உண்மை. திட்டமிட்டால் பெரும்பாலானவற்றைப் பகலிலேயே முடிக்கலாம். வளாக விடுதியில் தங்கினால் போய்வரும் கவலை குறையும். ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் பெண்களின் புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தக் குழுவின் தொடர்பு எண்ணைச் சேரும் நாளிலேயே பிள்ளை குறித்துவைக்கட்டும்.

திருமணத்துக்கும் பி.எச்டி.க்கும் பகை இல்லை. பெண் ஆய்வாளர்களுக்குப் பட்டத்தை முடிக்கக் கூடுதலாக இரண்டு ஆண்டும், மகப்பேறு மற்றும் குழந்தைப் பராமரிப்புக்காக 240 நாள் வரை விடுப்பும் விதிகளிலேயே உண்டு. பெண்களுக்கென்றே மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை வைஸ் என்ற பெயரில் உதவித்தொகைத் திட்டங்கள் வைத்திருக்கிறது. நிக்காஹ் பேசும்போதே, "பிள்ளை ஆராய்ச்சி செய்கிறாள், இன்னும் மூன்று வருடம் இருக்கிறது, முடிப்பாள்" என்று மாப்பிள்ளை வீட்டில் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், பிறகு பார்க்க யாரும் இருக்க மாட்டார்கள்.

ஆய்வகப் பாதுகாப்பும் முக்கியம். தலைத்துணி அணிபவர்கள் தீச்சுடருக்கு அருகே வேலை செய்யும்போது தொங்கும் முனையைக் கோட்டுக்குள் செருகிக்கொள்ள வேண்டும். எளிதில் தீப்பிடித்து உருகும் செயற்கைத் துணியைவிடப் பருத்தி நல்லது. ஜெல்லில் டிஎன்ஏவைப் பார்க்கப் பயன்படும் எத்திடியம் புரோமைடு போன்ற பொருட்களைக் கையுறை இல்லாமல் தொடக் கூடாது. கருவுற்றிருந்தால் வழிகாட்டியிடம் முன்பே சொல்லி, தீங்கான ரசாயன வேலைகளிலிருந்து விலகிக்கொள்ள வேண்டும். ஆணோ பெண்ணோ, ஜும்ஆ நேரத்தையும் நோன்புக் காலத்தையும் முன்கூட்டியே சொல்லி வேலையைத் திட்டமிட்டால், பெரும்பாலான பேராசிரியர்கள் மறுப்புச் சொல்வதில்லை. நோன்பு மாதத்தில் பதினாறு மணி நேரச் சோதனையைத் தொடங்கிவிட்டுத் தவிப்பதைவிட, எழுத்து வேலையையும் கணினி வேலையையும் அந்த மாதத்துக்கு ஒதுக்கலாம்.

முனைவர் பட்டத்துக்குப் பிறகு

போஸ்ட்டாக் என்பது தனக்கென ஓர் ஆய்வுக் கேள்வியைக் கண்டுபிடித்துக்கொள்ளும் காலம். அதை பி.எச்டி. செய்த ஆய்வகத்திலேயே செய்யாமல் வேறு இடத்துக்குப் போவது நல்லது. இந்தியாவில் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை தேசிய போஸ்ட்டாக் உதவித்தொகை வழங்குகிறது. வெளிநாட்டிலிருந்து திரும்ப நினைப்பவர்களுக்கு உயிரித் தொழில்நுட்பத் துறையின் ராமலிங்கசுவாமி மறுவருகை உதவித்தொகை இருக்கிறது. ஜெர்மனியின் ஹம்போல்ட், ஐரோப்பாவின் மேரி கியூரி உதவித்தொகைகளுக்கும் நம்மவர்கள் விண்ணப்பிக்கலாம். சவூதியில் துவல் என்ற இடத்தில் 2009-ல் திறக்கப்பட்ட மன்னர் அப்துல்லா அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், சேர்க்கும் மாணவர்களுக்கு முழு உதவித்தொகை தருகிறது. உறவினர் ஜித்தாவில் இருக்கும் குடும்பங்கள் இதைக் கவனிக்கலாம்.

போஸ்ட்டாக் இடத்துக்குக் குறைந்தது எட்டு மாதம் முன்பே எழுதத் தொடங்குங்கள். ஒப்பந்தம் எத்தனை ஆண்டு, நீட்டிப்பு எதைப் பொறுத்தது, விலகும்போது தன் ஆய்வைத் தன்னோடு எடுத்துப்போகலாமா என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்ற பிறகு, மீண்டும் மாணவராகி உயிரியல் படித்தார். போஸ்ட்டாக் முடித்து ஏறக்குறைய ஐம்பது பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தும் பேராசிரியர் வேலை கிடைக்கவில்லை. பின்னாளில், செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் அமைப்பைக் கண்டறிந்ததற்காக 2009-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

நோபல் பரிசு எல்லோருக்கும் வராது. பேராசிரியர் வேலையும் எல்லோருக்கும் வராது. நிரந்தரப் பேராசிரியர் இடங்கள் குறைவு, போட்டி அதிகம் என்பதைப் பிள்ளைகளிடம் மறைக்கக் கூடாது. ஆனால் இந்தப் பயிற்சி பெற்றவருக்கு வேறு வாசல்கள் உண்டு. பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் மருந்து, தடுப்பூசி நிறுவனங்கள், மரபணுப் பரிசோதனைக் கூடங்கள், காப்புரிமை அலுவலகங்கள், கல்லூரி ஆசிரியப் பணி என எங்கும் இந்தத் திறமைக்கு இடம் இருக்கிறது. இரண்டு ஆண்டு கழித்து ஆய்வு தனக்கு ஒத்துவரவில்லை என்று பிள்ளை சொன்னால், அதைத் தோல்வி என்று ஊரில் பேசவிடாமல் பார்த்துக்கொள்வதும் பெற்றோரின் பொறுப்பு.

கடைசியாகப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. விசேஷ வீடுகளில் "இன்னும் படிச்சிட்டேதான் இருக்காளா?" என்று கேட்பார்கள். "படிக்கவில்லை, வேலை செய்கிறாள். அரசாங்கம் சம்பளம் கொடுத்து ஆராய்ச்சி செய்யச் சொல்லியிருக்கிறது" என்று பதில் சொல்லுங்கள். "எப்போ முடியும்?" என்று பிள்ளையிடம் மாதாமாதம் கேட்பதற்குப் பதிலாக, "இந்த மாதம் என்ன பார்த்தாய்?" என்று கேளுங்கள். அவள் சொல்வது முழுதும் புரியாவிட்டாலும், கேட்க வீட்டில் ஆள் இருக்கிறது என்ற தைரியம் அவளுக்கு வரும். இன்ஷா அல்லாஹ், வரும் ஆண்டுகளில் நம் பகுதியிலிருந்து காலாப்பட்டுக்குப் பஸ் ஏறும் பிள்ளைகளின் எண்ணிக்கை கூடட்டும்.